நிற்கும் வண்டியின் காற்று

ஓடுகிற காருக்கு விசிறி தேவைப்படுவதில்லை. சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் முகப்பு வழியாகக் காற்று தானே புகுந்து ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். சிக்கல் தொடங்குவது வண்டி நிற்கும்போதுதான். ஞாயிறு மாலை தேக்கா சந்தையைத் தாண்டி, சிராங்கூன் சாலையில் ஒரு பேருந்துக்குப் பின்னால் அடி அடியாக நகரும்போது காற்று வருவதில்லை. ஜோகூர் போவதற்காக உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்கு முன்னால் நீண்ட வரிசையில் காத்திருக்கும்போதும் அப்படித்தான். இஞ்சின் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். பகலில் 31, 32 டிகிரி சாதாரணமாக இருக்கும் ஊர் இது. நாற்பது வயது வண்டியை ஓட்டுகிறவரின் கண் அப்போது சாலையில் பாதி, வெப்பமானியின் முள்ளில் பாதி.

அந்த நேரத்துக்காகவே இருப்பது ரேடியேட்டரை ஒட்டி, 12 வோல்ட் மோட்டாரில் சுழலும் பிளாஸ்டிக் விசிறி. அது ஒரு புதிய காரோடு இந்தத் தீவுக்கு வருகிறது. அந்தக் கார் சாலையை விட்டுப் போன பிறகு, தன்னைவிட மூத்த ஒரு வண்டிக்குள் மறுபடியும் வேலைக்குச் சேர்கிறது. அந்தப் பயணத்தை முழுமையாகச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பெல்ட்டில் கட்டுண்ட காலம்

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் கார் வந்தது 1896-இல். சார்லஸ் பர்ட்டன் பக்லி ஓட்டிய பென்ஸ் அது. அந்தக் காலத்துப் பென்ஸ் இஞ்சின்களில் சூட்டைத் தணித்தது ஆவியாதல்தான். தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும், போகப்போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1901-இல் வெளிவந்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை வடிவமைத்தார். ஆயிரக்கணக்கான சிறு குழாய்களுக்குள் காற்று பாயும் அந்த அமைப்புதான் இன்றைய ரேடியேட்டரின் மூதாதை.

அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குப் பெரும்பாலான கார்களில் விசிறியின் இடம் மாறவே இல்லை. இஞ்சின் நீளவாக்கில் நிற்கும். அதன் முன்முனையில் ஒரு பெல்ட், பெல்ட்டில் வாட்டர் பம்ப், பம்ப்பின் மூக்கில் விசிறி. 1926 முதல் ஃபோர்டு நிறுவனம் சிங்கப்பூரிலேயே பூட்டிய பல கார்களும், 1970-களில் இங்கே தெருவுக்குத் தெரு தென்பட்ட டாட்சன் 120ஒய்யும், தமிழ்நாட்டில் ஓடிய அம்பாசடரும் இந்த ஒரே குடும்பம்.

பெல்ட் விசிறிக்குப் பிறவிக்குறை ஒன்று உண்டு. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது இஞ்சின். வண்டி நிற்கும்போது இஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்று என்று முனகிக்கொண்டிருக்கும், விசிறியும் சோம்பலாகச் சுழலும். காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் மிகக் குறைவாகத் தரும். நெடுஞ்சாலையில் காற்று தானாக வரும்போதோ அது முழு மூச்சில் சுழலும். விசிறி விழுங்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவது இயற்பியல் விதி. வேகம் இரட்டிப்பானால் விசிறி எட்டு மடங்கு சக்தியை இழுக்கும். பெட்ரோல் வீணாகும், இரைச்சலும் கூடும்.

விசிறியை இஞ்சினிடமிருந்து விடுவித்ததில் காரின் வடிவமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 1959-இல் வந்த மினியில் இஞ்சின் குறுக்குவாக்கில் அமர்ந்தது. பெல்ட் பக்கவாட்டில் போய்விட்டதால் ரேடியேட்டரையும் பக்கவாட்டுக்கே கொண்டுபோனார்கள். முன்முகத்தின் காற்று ரேடியேட்டருக்கு நேராகக் கிடைக்கவில்லை. 1969-இல் ஃபியட் 128 வேறு வழியில் போனது. இஞ்சினைக் குறுக்கே வைத்து, ரேடியேட்டரை முன்னால் நிறுத்தி, பெல்ட் எட்டாத அந்த இடத்தில் மின்விசிறியைப் பொருத்தியது. 1961-இலேயே ஜாகுவார் ஈ-டைப் போன்ற விலையுயர்ந்த வண்டிகளில் மின்விசிறி இருந்தது. அதைச் சாதாரண வீட்டுக் காருக்குள் கொண்டுவந்தது முன்சக்கர இயக்கம்தான். 1983-இல் டொயோட்டா கொரோலா முன்சக்கர இயக்கத்துக்கு மாறியது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவில் மாருதி 800 வெளிவந்தது. இரண்டின் பானெட்டுக்குள்ளும் பெல்ட் விசிறி இல்லை.

பத்தாண்டுச் சான்றிதழ்

நாம் பின்தொடரும் விசிறி 1990-களின் கொரோலாவில் வந்த வகை. ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் கரியா என்ற நகரம். 1949 டிசம்பரில் டொயோட்டாவிலிருந்து பிரிந்து, நிப்பான்டென்சோ என்ற பெயரில் அங்கே தொடங்கிய நிறுவனம் இன்று டென்சோ. டொயோட்டா வண்டிகளின் ரேடியேட்டர், ஏர்கான், ஸ்டார்ட்டர், விசிறி மோட்டார் என்று பலவற்றில் அதன் முத்திரையைப் பார்க்கலாம். மோட்டாரின் அமைப்பு எளியது. இரண்டு நிலைக்காந்தங்கள், நடுவே செம்புக்கம்பி சுற்றிய சுழலி, மின்சாரத்தைக் கடத்தும் இரண்டு கரித்துண்டுகள். அந்தக் கரித்துண்டுகள் தேயும்வரை அது ஓடும்.

சிங்கப்பூரில் அந்தத் தேய்மானம் வேகமானது. இங்கே ஏர்கான் இல்லாமல் யாரும் ஓட்டுவதில்லை. ஏர்கானின் கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று தன் சூட்டையும் சேர்த்துத் தள்ளும். அதனால் ஏர்கானைப் போட்டவுடன் விசிறியும் ஓடத் தொடங்கும். குளிர்காலம் உள்ள நாட்டில் பாதி ஆண்டு ஓய்வெடுக்கும் விசிறி இங்கே ஆண்டு முழுவதும் உழைக்கிறது.

ஆனால் விசிறி தேய்ந்து முடிவதற்குள் காரின் ஆயுள் காகிதத்தில் முடிந்துவிடும். 1990 மே மாதம் முதல் சிங்கப்பூரில் கார் வாங்க வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். நாம் சிஓஇ என்று சொல்வது அதைத்தான். பத்து ஆண்டுகளுக்குத்தான் அது செல்லும். பிறகு ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குப் பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். இல்லாவிட்டால் பதிவை நீக்கி, காரை உடைக்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ வேண்டும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் மட்டுமே 1,06,000 வெள்ளியைத் தொட்டது. இந்தக் கணக்கில், நன்றாக ஓடும் வண்டிகளும் உரிய நாளில் உடைப்பிடத்துக்குப் போகின்றன. இஞ்சின், கியர்பாக்ஸ், கதவு, விளக்கு என்று பிரியும்போது, விசிறியும் அதன் பிளாஸ்டிக் கூடும் நான்கு போல்ட்டில் கழன்று வரும். சாலை நெரிசலைக் குறைக்க எழுதப்பட்ட சட்டம் இப்படி இன்னும் பாதி ஆயுள் மிச்சமிருக்கும் உதிரிபாகங்களையும் உருவாக்கிவிடுகிறது.

ஜாலான் புசார் வழியாக

பழைய பொருளுக்குச் சிங்கப்பூரில் ஒரு முகவரி இருந்தது. லிட்டில் இந்தியாவின் கிழக்கு எல்லையில், ரோச்சோர் கால்வாயை ஒட்டி, சுங்கை ரோடு. 1930-களில் தொடங்கிய அந்தத் தெருச்சந்தையைத் திருட்டுச் சந்தை என்றே ஊர் அழைத்தது. தரையில் விரித்த துணியில் ராணுவக் கழிவு, கடிகாரம், ரேடியோ, கருவிகள், இயந்திரத் துண்டுகள் எல்லாம் கிடந்தன. 2017 ஜூலை 10 அதன் கடைசி நாள். பழைய வண்டி உதிரிபாகங்களுக்குப் பேர்போன சென்னை புதுப்பேட்டையை அறிந்தவருக்கு அந்த இழப்பின் அளவு புரியும். ஒரு பொருளின் விலை மட்டும் அங்கே பேசப்படவில்லை. அது எந்த வண்டியிலிருந்து வந்தது, வேறு எதற்குப் பொருந்தும் என்ற அறிவும் அதே விரிப்பில் கைமாறியது.

அந்த அறிவு முற்றாக அழியவில்லை, சிதறியிருக்கிறது. ஜாலான் புசார் முனையில் சிம் லிம் டவர் இன்னும் நிற்கிறது. ரிலே, ஃபியூஸ் கூடு, வயர், முனைக்கிளிப், வெப்பத்தில் சுருங்கும் உறை என்று மின்வேலைக்கான சில்லறைச் சாமான் எல்லாம் அங்கே உண்டு. பட்டறைகள் சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் பக்கம் போய்விட்டன. அங்கே வேலை செய்பவர்களில் தினமும் கடற்பாலம் தாண்டி ஜோகூரிலிருந்து வந்துபோகும் மலேசியத் தமிழர்களும் இருக்கிறார்கள். "அண்ணே, ஃபேன் யார் வேணா மாட்டிடலாம். ஒயரிங்ல ஏமாந்தீங்கன்னா வண்டி நடுரோட்ல நிக்கும்" என்கிற மாதிரியான பேச்சு அங்கே அடிக்கடி காதில் விழும். இந்த வேலையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

விசிறியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று சோதனைகள் போதும். கையால் சுற்றினால் உரசல் இல்லாமல் சுழல வேண்டும். தண்டைப் பிடித்து ஆட்டினால் தளர்வு இருக்கக் கூடாது. பேட்டரியில் கொடுத்து ஓடவிட்டு, அது எத்தனை ஆம்ப் இழுக்கிறது என்று அளக்க வேண்டும். சிறிய காரின் விசிறி ஏறத்தாழ 7 முதல் 10 ஆம்ப் இழுக்கும். அதைவிட மிக அதிகமானால் மோட்டார் உள்ளே இறுகியிருக்கிறது என்று பொருள்.

மூத்த வண்டிக்குள்

இனி அது போய்ச் சேரும் வீடு. அதே டாட்சன் 120ஒய் என்று வைத்துக்கொள்வோம். 1171 சிசி இஞ்சின், நீளவாக்கில் நிற்கிறது, மூக்கில் பெல்ட் விசிறி. 35 வயதைக் கடந்த வண்டிகளுக்கு இங்கே தனித் திட்டம் உண்டு. அதில் பதிந்தால் ஆண்டுக்கு 45 நாட்கள் ஓட்டலாம். அப்படிப்பட்ட வண்டியில் எதை மாற்றினாலும் முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிட வேண்டும். எதற்கு அனுமதி வேண்டாம், எதற்கு வேண்டும், எது கூடாது என்று அவர்கள் பிரித்தே சொல்லியிருக்கிறார்கள்.

பெல்ட் விசிறியைக் கழற்றியதும், பம்ப் கப்பியின் போல்ட்டுகள் இப்போது நீளமாகத் தெரியும். விசிறியின் தடிமன் போய்விட்டதால் அவை உள்ளே போய் இடிக்கலாம். குட்டையான போல்ட் அல்லது சரியான வாஷர் போட வேண்டும். கழற்றிய விசிறியைத் தூக்கி எறியக் கூடாது. அது அந்த வண்டியோடு பிறந்தது. எண்ணெய் தடவிப் பொதிந்து வைத்தால், நாளை ஒருவர் மூல நிலைக்குத் திருப்ப நினைக்கும்போது கைகொடுக்கும்.

புது விசிறிக்கு நல்ல இடம் ரேடியேட்டருக்குப் பின்னால், இஞ்சின் பக்கம். அங்கே இருந்து காற்றை இழுத்தால், ஓடும்போது முன்னால் வரும் காற்றுக்கு அது தடையாகாது. பிளாஸ்டிக் கூடும் சேர்ந்து வந்தால்தான் ரேடியேட்டரின் முழுப் பரப்பிலும் காற்று பாயும். கூடு இல்லாத விசிறி தன் வட்டத்துக்கு நேரெதிரே உள்ள பகுதியை மட்டும் குளிர்விக்கும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குள் பிளாஸ்டிக் கம்பியைக் கோத்து விசிறியைக் கட்டுவது எளிய வழி. ஆனால் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்தக் கம்பி குழாயை உரசும், ஒரு நாள் ஓட்டை விழும். ரேடியேட்டரின் பக்கச் சட்டத்திலிருந்து இரும்புப் பட்டையில் தாங்கி, நடுவே ரப்பர் வைத்துப் பூட்டினால் பாரம் தகட்டில் விழாது.

அடைத்துப்போன ரேடியேட்டருக்கு விசிறி மருந்தாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குழாய் அடைப்பு, தேய்ந்த பம்ப், பழுதான மூடி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். மூடியில் 0.9 என்று பொறித்திருக்கும் அழுத்தம், தண்ணீரின் கொதிநிலையை 100-லிருந்து ஏறத்தாழ 118 டிகிரிக்கு உயர்த்துகிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்தப் பாதுகாப்பைப் பறித்துவிடும்.

கரண்ட்டின் பாதை

பழைய வண்டியில் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் வைத்து, அதன் வழியே விசிறிக்கு நேராக வயர் கொடுப்பதுதான் பலர் முதலில் செய்வது. விசிறியும் ஓடும். ஆனால் 10 ஆம்ப் கரண்ட் மெல்லிய வயரில் அவ்வளவு தூரம் போய்வரும்போது என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை சதுர மில்லிமீட்டர் வயரில் போக வர நான்கு மீட்டர் என்றால், வழியிலேயே 1.4 வோல்ட் தொலைந்துபோகும். விசிறி அந்த அளவுக்கு மந்தமாகச் சுழலும். தொலைந்த 14 வாட் வயரின் உறைக்குள் சூடாக மாறும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான்.

எனவே பாதை இப்படி இருக்க வேண்டும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து தடித்த வயர், முனைக்கு மிக அருகிலேயே 20 ஆம்ப் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இணைக்கும் சுவிட்ச்) 30-ஆம் எண் முனை, 87-ஆம் எண்ணிலிருந்து விசிறி, விசிறியிலிருந்து எர்த். ஃபியூஸ் காப்பது வயரை. அதனால் அது பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் இடைப்பட்ட வயர் உரசி எர்த் ஆகும்போது காப்பாற்ற எதுவும் இருக்காது. ரிலேயின் 85, 86 எண்கள் அதன் காயிலுக்கானவை. ஒன்றில் இக்னிஷனைத் திருப்பினால் வரும் கரண்ட், மற்றொன்று வெப்ப சுவிட்ச் வழியாக எர்த். காயில் இழுப்பது ஓர் ஆம்ப்பில் கால் பங்குகூட இல்லை. ஐம்பது ஆண்டு பழைய இக்னிஷன் சாவியின் தேய்ந்த முனைகள் அதைத் தாராளமாகத் தாங்கும்.

வெப்ப சுவிட்ச் என்பது தண்ணீர் ஒரு சூட்டை எட்டியதும் தானே இணையும் சிறு திருகு. இங்கே மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, அது இணையும் சூடு. இஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் டாட்சனில் 82 டிகிரியில் திறக்கும். வெப்ப நாடுகளுக்கென்று 76.5 டிகிரியில் திறப்பதும் உண்டு. விசிறி அதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் தொடங்கினால்தான் அதற்கு ஓய்வு கிடைக்கும். தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே வைத்தால் விசிறி நிற்கவே நிற்காது.

இரண்டாவது, எர்த். பழைய ரேடியேட்டரில் சுவிட்சுக்கான துளை இருக்காது. மேல் ஹோஸை வெட்டி நடுவே ஓர் அலுமினியக் குழாய் வைத்து அதில் திருகுவார்கள். இரு பக்கமும் ரப்பர் இருப்பதால் அந்தக் குழாய்க்கு எர்த் கிடையாது. ஒற்றை முனை சுவிட்ச் என்றால், குழாயிலிருந்து தனியாக ஒரு எர்த் வயர் இழுக்காதவரை வேலை செய்யாது.

மூன்றாவது, விசிறியோடு சேர்த்து டொயோட்டாவின் சுவிட்சையும் கழற்றி வந்திருந்தால் வரும் குழப்பம். அந்தக் காலத்துக் கொரோலாக்களில் சுவிட்ச் குளிர்ந்திருக்கும்போது இணைந்திருக்கும், 93 டிகிரியைத் தாண்டினால் பிரியும். வயர் அறுந்தாலும் விசிறி ஓட வேண்டும், இஞ்சின் வேகக் கூடாது என்ற முன்யோசனை அதில் இருக்கிறது. அதைச் சாதாரண நான்கு முனை ரிலேயில் கொடுத்தால் எல்லாம் தலைகீழாகும். குளிரில் விசிறி ஓடும், சூடேறியதும் நின்றுவிடும். காயிலில் கரண்ட் இல்லாதபோது இணையும் 87ஏ என்ற ஐந்தாவது முனையுள்ள ரிலே வேண்டும், விசிறியை அந்த முனையில் இணைக்க வேண்டும். அப்போதும் வண்டியை அணைத்த பிறகு விசிறி ஓடிக்கொண்டிருக்காமல் இருக்க, 30-ஆம் எண்ணுக்கு வரும் கரண்ட்டை இக்னிஷனுக்குக் கட்டுப்பட்ட இன்னொரு ரிலே வழியாகத் தர வேண்டும். ஆண்டில் பெரும்பகுதி நிறுத்தியே கிடக்கும் வண்டியில் பேட்டரி வடிந்துபோக அதற்குமேல் காரணம் வேண்டியதில்லை.

1960-களின் மோரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் வண்டி என்றால் மற்றோர் எச்சரிக்கை. அவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். நிலைக்காந்த மோட்டாரில் முனைகள் மாறினால் சுழற்சியும் திசை மாறும், விசிறி எதிர்ப்பக்கம் ஊதும். முகப்பில் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்க்கலாம். காகிதம் உள்ளே ஒட்டிக்கொண்டால் திசை சரி. அந்த வண்டிகளின் லூகாஸ் டைனமோ தருவது 22 ஆம்ப்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

நிற்கும்போது கிடைக்கும் மின்சாரம்

இந்த மாற்றத்தில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. பெல்ட் விசிறி இஞ்சின் வேகத்துக்கு அடிமை என்பதால்தான் மின்விசிறிக்கு வந்தோம். ஆனால் மின்விசிறிக்கு உணவூட்டும் ஆல்டர்னேட்டர் சுழல்வதும் அதே பெல்ட்டில்தான். நெரிசலில் நிற்கும்போது விசிறிக்கு 10 ஆம்ப் வேண்டும். ஏர்கான் கம்ப்ரசரின் கிளட்ச், உள்ளே குளிர்காற்று ஊதும் மோட்டார், இரவென்றால் முகப்பு விளக்கு, மழையென்றால் வைப்பர், எல்லாம் அதே நேரத்தில் கேட்கும். 1970-களின் சிறிய ஜப்பானியக் கார்களில் ஆல்டர்னேட்டர் 35 முதல் 50 ஆம்ப் அளவுடையது, மெதுவான சுழற்சியில் அதையும் முழுதாகத் தராது. குறையைப் பேட்டரிதான் ஈடுகட்டும். மீட்டரை வைத்து, எல்லாவற்றையும் போட்டு, நின்ற நிலையில் பேட்டரி முனையில் வோல்ட்டைப் பாருங்கள். 13-க்கு மேல் நின்றால் கவலையில்லை. 12.5-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் பெரிய ஆல்டர்னேட்டர் வாங்கிய பிறகுதான் விசிறி.

ஏர்கான் உள்ள வண்டியில் கம்ப்ரசர் கிளட்சுக்குப் போகும் வயரிலிருந்து இரண்டாவது ரிலேயை இயக்கி, ஏர்கான் ஓடும்போதெல்லாம் விசிறியும் ஓடச் செய்ய வேண்டும். சிங்கப்பூரில் இது இல்லாமல் வேலை முடிந்ததாகாது.

கடைசிச் சோதனைக்கு வண்டியை நிழலில் நிறுத்திப் பயனில்லை. நண்பகலில், ஏர்கான் போட்டு, நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். முள் ஏற, விசிறி தொடங்க, முள் இறங்க, விசிறி நிற்க என்று அந்தச் சுற்று நான்கைந்து முறை ஒரே சீராக வந்தால் வண்டி உட்லண்ட்ஸ் வரிசைக்குத் தயார். பிறகு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுடும் இணைப்பு சரியாக நெரிக்கப்படாத இணைப்பு.

பத்து வயதைக் கடந்த கார்கள் இங்கே ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் பானெட்டைத் திறப்பார், வண்டியும் ஒரு நாள் வேறு ஒருவர் கைக்குப் போகும். தொழிற்சாலை தந்த வயரிங் படத்தில் நீங்கள் சேர்த்த ரிலே இருக்காது. ஆகவே ஒரு காகிதத்தில் வரைந்து வையுங்கள். எந்த நிற வயர் எங்கிருந்து எங்கே போகிறது, ஃபியூஸ் எத்தனை ஆம்ப், சுவிட்ச் எத்தனை டிகிரி, விசிறி எந்த வண்டியினுடையது, எந்த ஆண்டு பொருத்தியது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆவணங்களோடு வையுங்கள். சுங்கை ரோடு விரிப்பில் வாய்மொழியாகக் கைமாறிய அறிவுக்கு இப்போது இடமில்லை. அடுத்தவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதி வைத்தால், அந்த விசிறி மூன்றாவது வண்டிக்கும் போக முடியும்.